கோவிச்சுக்கிட்ட கிட்னி

மாரியாத்தா மேல சத்தியங்க தம்பி, நான் சொல்றதுல ஒரு சொல்லு பொய்யில்ல. பொய்யின்னா இந்த பஸ்ஸு ராகலைக்கே பின்னால உருண்டு போகட்டும். அந்தா, முன் சீட்டுல பச்சச் சேல தெரியுதுங்களா? என் சம்சாரம் நாகலெட்சுமி. பக்கத்துல புள்ளத்தாச்சியா ஒக்காந்திருக்கிறது மருமக கிருஷாந்தி. மருமக வயித்துல இருக்கிறது மாமியா கிட்னிங்க.

சிரிக்காதீங்க. அந்தப் புள்ளைக்கு ரெண்டும் கெட்டுப்போயி, கண்டியில வச்சு மாத்துனாங்க. பெத்தவங்களது சேரல, என் சம்சாரத்தோடது சேந்துச்சு. கலியாணத்துக்கு ஜாதகங்கூட சேரலைங்க, கிட்னி சேந்துச்சு. மாத்தி வைக்கிறத அடிவயித்துலதான் வைக்கிறாங்க. இப்ப புள்ளையும் அங்கதான இருக்கு? அதுலருந்து இவ போடுற ஆட்டம்... "பேரப்புள்ள என் கிட்னிமேலதான் தல வச்சுப் படுத்திருக்கு"ங்கிறா. மசக்க மருமகளுக்கு, கருவாடு திங்கிறது இவ. கேட்டா, கிட்னி கேக்குதாம்.

சரி, அது கெடக்கட்டும். புள்ள வேணும்னு கேட்டப்பவே டொக்டர் ஒரு மாத்திரைய மாத்திக் குடுத்து, கொஞ்ச காலம் பாத்துட்டுத்தான் சரின்னாரு. "ஒரு வேளகூட விடாதீங்க, விட்டா ஒடம்பு அந்தக் கிட்னிய வேத்தாளுன்னு வெரட்டிரும்"னும் சொன்னாரு. மருமக ஒழுங்காத்தான் குடிச்சிச்சு. இவதான் ஒருநா அம்புட்டையும் எடுத்து அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சுட்டா. கந்தப்பளையில ஒருத்தி வயித்துப் புள்ளையோட மாத்திர குடிச்சு, புள்ள ஒடம்பெல்லாம் மாத்திர மாத்திரையா மச்சத்தோட பொறந்துச்சாம். தேயிலக் கொழுந்து நிறுக்கிற எடத்துல பேசிக்கிட்டாங்களாம்.

எந்த வேலையத்த பய இப்பிடிக் கெளப்பி விடுறான்னு எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்... ஹுசைன் நானா கடையில நான் சொன்னப்ப ஒரே ஒரு மச்சந்தாங்க. அதுவும் தேத்தண்ணி வர தாமசமாச்சேன்னு சும்மா சொன்னது. தோட்டத்து லய வீடு வீடா ஏறி எறங்கி எங்க வீட்டுக்கு வாரப்ப ஒடம்பெல்லாம் மச்சம்.

நெசத்தச் சொல்லியிருக்கலாம்ங்கிறீங்க. நாகலெட்சுமிகிட்டயா? தம்பி இன்னும் கலியாணம் கட்டல போல.

மருமக என்கிட்ட வந்து நின்னுச்சு. "மாமா, இதுவும் போச்சுன்னா எனக்கு இன்னொண்ணு யாரு தருவா? புள்ள என்னாகும்?"ன்னுச்சு.

அப்பவே சம்சாரத்த ஒக்கார வச்சேன். "அடியே, அக்கரப்பத்தனையில நடந்தது தெரியுமா? மாத்திரைய நிப்பாட்டுனதும் மருமக கிட்னி கோவிச்சுக்கிட்டு, குடுத்த மாமியாகிட்டயே திரும்பி வந்துருச்சாம். பழைய எடம் தூந்துபோயிருக்கவும் நெஞ்சுல ஏறி ஒக்காந்துக்கிச்சாம். மாமியா படுத்தா மூச்சு முட்டுதாம்"னேன். கேட்டவ, கிட்னி எடுத்த விலாவுல வச்ச கைய எடுக்கவேயில்ல. அரிசிப் பானைய அப்பிடியே கவுத்தா. மருமக மறுநாளே கிளினிக்குல சொல்லி ரத்தம் பாத்துச்சு. கிட்னி தப்பிச்சிருச்சு, புள்ளையும் நல்லாருக்கு. இப்ப காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்கு முன்ன ஒருக்கா, ராச்சோத்துக்கு ஒருக்கா, மாத்திரைய இவளே ஊட்டி, வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்துட்டுத்தான் விடுறா. டொக்டர் இவளப் பாத்து, "இப்பிடி ஒரு மாமியாவ நான் கண்டதில்ல"ன்னாரு. அவள வழிக்குக் கொண்டாந்த என்னய வெளிய நிக்கச் சொல்லிட்டாங்க.

ஆமா, தம்பி நுவரெலியாவுல எறங்கி எங்க போறீங்க? அக்கரப்பத்தனையா... சொந்த ஊரே அதுதானா?

மெதுவாப் பேசுங்க. அந்தா திரும்பிப் பாக்குறா. எந்திரிச்சு வாரா. எந்த ஊருன்னுதான் மொதல்ல கேப்பா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், அப்பிடி ஒரு மாமியா அங்க இருக்குன்னு சொல்லிருங்க. எங்க மருமகளுக்குப் புள்ள பொறக்கிற வரைக்குமாவது அந்த மாமியாவுக்கு மூச்சு முட்டட்டும். மச்சத்தப் பத்திக் கேட்டா மட்டும்... நான் ஒங்ககிட்ட வாயே தொறக்கல.