நாற்பத்திரண்டு கிண்ணங்கள்

திராட்சைச் சாற்றைச் சிந்தாமல் ஊற்றுவது எனக்கு நன்றாக வரும். நீலசந்திராவில் உள்ள எங்கள் சிறிய சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அதற்கு நாற்பத்திரண்டு சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களை நிரப்புவது என் பொறுப்பு. வார நாட்களில் மாலை வகுப்பில் லேப் டெக்னீஷியன் படிக்கிறேன். சபைக் கமிட்டி விளக்கம் கேட்டதால், என் டைரியைப் பார்த்தே இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு முறையும் பாஸ்டர் எச்சரிப்பார்: தகுதியில்லாமல் பங்குபெறுகிறவன் பலவீனப்படுவான், நோயில் விழுவான், செத்தும் போவான். ஜூனில் நான் வகுப்புத் தேர்வில் காப்பியடித்தேன். அந்த ஞாயிறே அப்பமும் சாறும் எடுத்தேன். தலைவலிகூட வரவில்லை. ஆண்டவர் என்னைக் கவனிக்கவே இல்லையோ என்று பயமாகிவிட்டது.

ஒருவரை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று வகுப்பில் சொல்வார்கள். மெர்சி அக்காவும் அவருடைய அக்கா குளோரியாவும் ஒரு குக்கருக்காக ஆறு வருடமாகப் பேசுவதில்லை. ஆனாலும் திருவிருந்து எடுத்தார்கள். ஐந்து மாதம், திங்கட்கிழமைதோறும் இருவருக்கும் போன் செய்து உடம்பை விசாரித்தேன். நன்றாகவே இருந்தார்கள். "எவ்ளோ அக்கறைடா உனக்கு" என்றார் மெர்சி அக்கா.

ஆறாவது மாதம், எச்சரிப்பு பலிக்கட்டும் என்று, அவர்கள் இருவரின் கிண்ணங்களில் மட்டும் பேதி மருந்து கலப்பதாகத்தான் இருந்தேன். ஆனால் எங்கள் சபையில் தனக்கு நேரே இருக்கும் கிண்ணத்தை யாரும் எடுப்பதில்லை. "நீங்க மொதல்ல" என்று தட்டைத் திருப்பிவிடுவார்கள். எது யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பாவமில்லாதவர் யாருமில்லை என்பதும் பாஸ்டர் சொன்னதுதான். ஆகவே நாற்பத்தொன்றில் கலந்தேன். விளிம்பு உடைந்த ஒன்றை எனக்கென்று ஓரமாக வைத்துக்கொண்டேன்.

அன்று ஆராதனைக்குப் பின் வருடாந்திரக் கூட்டம். சபைக்குக் கழிப்பறை ஒன்றுதான்.

"நீ போடி மொதல்ல" என்றார் குளோரியா அக்கா.

"உனக்குத்தான் வேர்க்குது. நீ போக்கா."

"குக்கரையும் நீயே வெச்சுக்கோடி. பேகா வந்துடு, சீக்கிரம்."

ஆறு வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள். நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.

"தகுதியில்லாம எடுத்ததாலதான் இப்பிடியாக்கா?" என்று கேட்டேன்.

"போடா லூசு" என்றார் மெர்சி அக்கா. "தகுதி இருக்கிறவனுக்கு இந்த விருந்தே எதுக்குடா?"

அதையும் எழுதினேன். டைரியில் நான் போட்டிருந்த அட்டவணையில் அது எந்தக் கட்டத்திலும் பொருந்தவில்லை.

தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சாமுவேல் தாத்தாவை நானே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டிரிப் ஏறும் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏதோ பாவம் பண்ணிட்டேம்பா. எதுன்னுதான் தெரில." நான் அவரை மன்னித்தேன். வியாழக்கிழமை இறந்துபோனார். பாஸ்டர் சொன்ன மூன்றும் வரிசையாக நடந்திருந்தன.

மருந்து கலந்தது நான்தான். இதை மறைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கமிட்டி குறித்துக்கொள்ள வேண்டும். அன்று நாற்பத்திரண்டு பேரில் எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது நிம்மதியாகத் தூங்குகிறேன். ஆண்டவர் என்னைக் கவனித்திருக்கிறார். என்னிடம் தவறாக எதுவும் அவர் காணவில்லை.