டெஸ்க்டாப்பில் இரண்டு குப்பைத்தொட்டி

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வரும் பேருந்து மேம்பாலத்தில் அசையாமல் நின்றது. எனக்கு முன் இருக்கையில், கழுத்தில் அடையாள அட்டையோடு இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

“என் ரெஸ்யூமை குப்பைத்தொட்டியிலதான்டி ஒளிச்சு வெச்சிருந்தேன்.”

“டெலிட் பண்ணிட்டியா?”

“இல்லடி. வேற கம்பெனிக்கு அப்ளை பண்றதெல்லாம் ஒரு ஃபோல்டர்ல இருக்கு. அதுக்கு ரீசைக்கிள் பின் ஐகான் வெச்சேன், பேரும் அதேதான். பாக்கறவங்களுக்கு வெறும் குப்பைத்தொட்டி.”

“நல்ல ஐடியாதானே?”

“ஒரிஜினல் குப்பைத்தொட்டியும் பக்கத்துலயே இருக்குங்கறதை மறந்துட்டேன். போன வாரம் மீட்டிங்ல ஸ்கிரீன் ஷேர் பண்ணேன். மேனேஜர் பாத்துட்டு, ‘உனக்கு எதுக்கும்மா ரெண்டு?’ன்னார்.”

தோழி கொறித்துக்கொண்டிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்தாள்.

“நீ என்ன சொன்னே?”

“‘குப்பை ஜாஸ்தி சார்’னேன்.”

“ஐயோ. அப்புறம்?”

“மீட்டிங் முடிஞ்சதும் தனியா கூப்பிட்டார். வேலை போச்சுன்னு நெனச்சுட்டே போனேன். கதவைச் சாத்திட்டு, ‘பிரிண்டர் ஐகான் வெச்சுக்கோம்மா. அதை ஒருத்தரும் திறந்து பாக்க மாட்டாங்க. என்னோடது ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கு’ங்கறார்.”

பேருந்து கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது.

“அப்ப நீயும் பிரிண்டருக்கு மாத்திட்டியா?”

“எதுக்கு? அவர் போனா அந்த சீட் எனக்குத்தானே. ஃபோல்டரை நிஜக் குப்பைத்தொட்டியிலயே போட்டுட்டேன்.”

“அவருக்கு எங்கயும் கெடைக்கலன்னா?”

“கெடைக்கணுமே. அதான் அவரோட ரெஸ்யூமைக் கேட்டு வாங்கி, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து நானே திருத்திக்கிட்டு இருக்கேன்.”