நாற்பத்தேழாம் அறையின் லைன்

இரவு மணி இரண்டு பத்து. ஹாஸ்டலுக்குப் போகும் ஒற்றைச் சாலை... ஒரு நாய்கூட இல்லை. என் நண்பனின் அக்கா வீட்டுக்காரர் பைக்கை விரட்டிக்கொண்டு போனார். ஹாஸ்டலின் இன்டர்நெட் லைன் மறுபடி படுத்துவிட்டதாம்.

நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. பிள்ளைகள் சினிமாப் படங்களை ஒருவருக்கொருவர் பகிர்ந்து லைனை அடைத்துவிடுவார்கள். இவர் மோப்பம் பிடித்து, அந்த அறையின் லைனை வெட்டுவார். வெட்டுவதில் மனிதருக்குத் தனி சுகம். வீட்டுக்கு வந்து பீற்றிக்கொள்வார்.

அன்று ஒரே ஒரு கோப்பு எல்லா அறைகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. கொடுப்பது நாற்பத்தேழாம் அறை.

"அந்த ரூமைப் பூட்டி ரெண்டு வருஷமாச்சே சார்?" என்றார் வாட்ச்மேன்.

இவருக்குத் தெரியாதா? அங்கே இருந்த பையனுக்கு மூச்சிரைப்பு. படம் பகிர்ந்தான் என்று இவர் லைனை வெட்டிய அதே இரவு... பக்கத்து அறைகள் காலி. கட்டடத்துக்குள் செல்போன் சிக்னல் எடுக்காது. நெட்டை விட்டால் ஆளைக் கூப்பிட வழியில்லை. இரண்டு பத்துக்கு உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். லைனை வெட்டியதைப் பற்றி இவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சர்வர் அறைக்குள் நுழைந்தார். மருந்து நெடி... அந்தப் பையன் உறிஞ்சும் மருந்து. அறைகளுக்கு லைன் பிரியும் ஸ்விட்ச் பெட்டியில் நாற்பத்தேழாம் துளையில் கேபிளே இல்லை. பச்சை விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

என்ன கோப்பு என்று பார்க்கத் தன் லேப்டாப்பில் இறக்கினார். அங்கேதான் புத்தி கெட்டுப் போயிற்று. இந்தப் பகிர்வில் வாங்குகிறவனும் கொடுக்கிறவன்தான்; இறக்கிய கோப்பு அவனிடமிருந்தே அடுத்தவர்களுக்கும் போகும். ஊருக்கே அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

நான்கு நிமிட ஆடியோ. இழுத்து இழுத்து விடும் மூச்சு... சுவரைத் தட்டும் சத்தம்... கடைசியில்,

"சார்... லைனை விடுங்க சார்..."

உடனே அழித்தார். பச்சை விளக்கு அணைந்தது. திரையில் ஓடிய பட்டியலில் நாற்பத்தேழு இல்லை. கொடுப்பவர் என்ற இடத்தில் இப்போது அவருடைய லேப்டாப்.

மறுநாளே வேலையை விட்டார். அக்காவிடம்கூடக் காரணம் சொல்லவில்லை. ஒருநாள் என் நண்பனிடம் மட்டும் உடைந்து அழுதுவிட்டார். பாவமாகத்தான் இருக்கிறது... ஆனால் அந்தப் பையனைவிடவா பாவம்?

நண்பன் இதையெல்லாம் அவர்கள் வீட்டு வைஃபையிலிருந்துதான் எனக்கு ஆடியோவாக அனுப்பினான். மூன்று நிமிடம்தான் பேசினேன் என்று சத்தியம் செய்கிறான்.

என் போனில் ஏழு காட்டுகிறது... கடைசி நான்கு நிமிடத்தை நான் இன்னும் கேட்கவில்லை.