ஆயுத பூஜைக்கு ஒரு காமெடி

கும்மிடிப்பூண்டி லோக்கலில் எதிர் சீட்டுக்காரன், அவன் பக்கத்து ஆள் சொல்லச்சொல்லப் போனில் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான். திருட்டுப் போன் என்றே நம்பி, கீறல் விழுந்த என் போனைப் பனியனுக்குள் பதுக்கிவிட்டேன்.

"கம்பெனி ஆயுத பூஜை மேடைல கான்ட்ராக்ட் ஆளுங்கள்ல நீ ஒருத்தன்தான் காமெடி பண்ற. 'மெஷினுக்கு மாலை, நமக்குப் பொங்கலுக்கே தனி கியூ'ன்னு வருதே, அத்த தூக்கு."

"தூக்கிட்டேண்ணா."

"உன் ஊடு காலனின்னதும் சூப்பர்வைசர் நீ குடுத்த டீய குடிக்காம வெச்சாரே, அது?"

"அது நெஜமா நடந்ததுண்ணா."

"அதான் தூக்குன்றேன். உன்ன பர்மனென்ட் பண்ற நேரம்."

"அப்பால இன்னாத்த சொல்லி சிரிக்க வெக்கிறது?"

"உன் கலரச் சொல்லு. எல்லாரும் சிரிப்பாங்க."

கும்மிடிப்பூண்டி வருவதற்குள் மற்றதையெல்லாம் அழித்துவிட்டு, அந்தக் கலர் ஜோக்கை டைப் செய்து வைத்துக்கொண்டு இறங்கினான்.