வலது மூலையில் என் பெயர்

எனக்குச் சட்டென்று கோபம் வராது, ஐயா. எங்கள் கட்டடத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். லிஃப்ட் கெட்டுப்போய் ஏழு மாதம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கேமராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்காம் மாடிவரை ஏறி இறங்கினேனே தவிர, காவலாளியிடம்கூட முகம் சுளித்ததில்லை. ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிவிடக் கூடாது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

என் பிழைப்பு அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது. பள்ளிக்கூடம், அலுவலகம், தொழிற்சாலை என்று ஒரு நாளைக்கு இருநூறு முகம். தாடையை இறக்குங்க, தோளை நேரா வைங்க, அடுத்த ஆளு. அந்தப் படங்களுக்கு நான் சொந்தம் கொண்டாடியதில்லை. எனக்காக ஆற அமர எடுப்பவை வேறு. பதினொரு வருடத்தில் அப்படித் தேறியவை நாற்பது இருந்தால் அதிகம்.

அதில் ஒன்று என் அம்மா படம். பல்லெல்லாம் போன பிறகு, எதற்கோ வாய்விட்டுச் சிரித்தபோது எடுத்தது. அம்மா இறந்த வருடம் அதை இணையத்தில் போட்டேன். நாலு மாதம் கழித்து ஒரு பல் மருத்துவமனை அதை எடுத்துத் தன் விளம்பரத்தில் போட்டு, கீழே ‘சிகிச்சைக்கு முன்’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ‘சிகிச்சைக்குப் பின்’ என்று யாரோ ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். நேரில் போய்க் கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண், “நெட்ல கெடச்சுது சார்” என்றாள், தெருவில் கிடந்த குடையைப் பற்றிச் சொல்வதுபோல.

அதற்குப் பிறகுதான் கவனமாக இருக்கக் கற்றுக்கொண்டேன். மூலப்படத்தை எங்கும் ஏற்றுவதில்லை. பெரிதாக அச்சடித்தால் பல்லிளிக்கிற மாதிரி சிறிய பிரதிதான் போடுவேன். வலது மூலையில் என் பெயர் இருக்கும். கோப்புக்குள்ளேயும் கண்ணுக்குத் தெரியாமல் பெயரையும் தேதியையும் பதிந்து வைப்பேன். ஒரு படத்தைக் கொடுத்தால் அது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டுகிற தேடல் வசதி இருக்கிறது அல்லவா, தினமும் காலையில் நாற்பது படத்தையும் அதில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். அனுமதியில்லாமல் எங்கேயாவது இருந்தால் திரையை அப்படியே பிரதி எடுத்து, எண் போட்டு, ஆதாரத்தோடு புகார் அனுப்புவேன். இந்த ஆறு வருடத்தில் என் புகார் ஒன்றுகூடத் தள்ளுபடியானதில்லை. இப்போதெல்லாம் நான் புகார் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள், மறுபேச்சு இல்லாமல் நீக்கிவிடுகிறார்கள். அப்படி ஒரு பெயர் சும்மா வந்துவிடாது, ஐயா.

கண்டக்டரைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் எங்களுக்கு இரண்டு மாடி கீழே இருந்தார். முப்பது வருடம் பேருந்தில் நின்றுகொண்டே வாழ்ந்த மனிதர். ஓய்வு பெற்று சில வருடத்தில் நினைவு தப்ப ஆரம்பித்தது. மகளின் பெயர் மறந்தது, வீட்டு எண் மறந்தது, தொழில் மட்டும் மறக்கவில்லை. பழைய செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றுவிடுவார். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் கட்டைவிரலை நக்கி ஒரு துண்டு கிழித்துக் கொடுத்து, “உள்ள போங்க, உள்ள போங்க, நடு எடமெல்லாம் காலியா இருக்கு பாருங்க” என்பார். எல்லோரும் வாங்கிக்கொள்வோம். நானும் தினமும் வாங்குவேன். ஒரு நாள் சீட்டு வாங்காமல் இறங்கிய தபால்காரரை வாசல்வரை துரத்திக்கொண்டு போனார்.

அந்தப் படத்தைப் போன டிசம்பரில் எடுத்தேன். படிக்கட்டு ஜன்னலிலிருந்து வெயில் பக்கவாட்டில் விழுந்து அவர் கன்னத்தோடு நின்றுவிட்டது. கையில் பாதி கிழிந்த தாள். எதிரே யாரோ சில்லறை இல்லை என்று சொன்ன மாதிரி ஒரு சிரிப்பு. என் வாழ்நாளில் அப்படி வெளிச்சம் அமைந்தது ஒரே தடவைதான். போட்டி ஒன்றில் அதற்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. அவர் மகளுக்கு ஒரு பிரதி அனுப்பினேன், மூலையில் என் பெயரோடு. “அப்பா அப்படியே இருக்காருண்ணே” என்று பதில் எழுதினாள்.

அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை அவசரத்தில் கதவை வெளியே பூட்டாமல் போயிருக்கிறாள். மதியம் வந்து பார்த்தால் ஆளைக் காணவில்லை. அன்று சாயங்காலம் நானும் அவளோடு தேடினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சந்தையைச் சுற்றி இரண்டு தெரு நடந்தேன்.

புதன்கிழமை காலை வழக்கம்போலத் தேடினால் என் படம் இருநூற்றுப் பதினான்கு இடத்தில் இருந்தது. அவரைக் காணோம் என்று அவள் போட்டதை ஊரே எடுத்துப் போட்டிருந்தது. அவளிடம் இருந்ததில் முகம் தெளிவாகத் தெரிந்த படம் அது ஒன்றுதான். அது எனக்குப் புரிந்தது. ஆனால் வலது மூலை இல்லை. முகம் பெரிதாகத் தெரிவதற்காக வெட்டிவிட்டிருந்தாள், என் பெயரோடு சேர்த்து.

ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தேன். நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். ‘பாவம்’, ‘கடவுளே’, ‘பகிரவும்’ என்று எழுதியிருந்தார்கள். இதை யார் எடுத்தது என்று ஒருவர் கேட்கவில்லை. அந்த வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை. பட்டியல் போட ஆரம்பித்தேன், அவ்வளவுதான். உங்கள் காவல் நிலையத்தின் பக்கத்திலும் அது இருந்தது, ஐயா. பட்டியலில் ஒன்பதாவது. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

பதினொன்றரைக்கு முதல் இருபது புகார்களையும் அனுப்பினேன். பெரிய பக்கங்களை முதலில் எடுத்துக்கொண்டேன். மூலப் பதிவை நீக்கியதும் மற்றவர்கள் பகிர்ந்ததெல்லாம் தானாகவே காணாமல் போயிற்று. பன்னிரண்டு மணிக்குள் இணையம் சுத்தமாகிவிட்டது.

பன்னிரண்டரைக்கு அவள் வந்து கதவைத் தட்டினாள். கடைச் சட்டையோடு இருந்தாள். தூங்கவில்லை என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

“அண்ணே, அப்பா படத்த எல்லா எடத்துலயும் எடுத்துட்டாங்க. உரிமையாளர் புகார்னு வருது. ஒண்ணும் புரியல.”

“புகார் குடுத்தது நான்தான்மா.”

“நீங்களா?”

“மூலையில என் பேரு இருந்துது. வெட்டிட்டீங்க.”

“முகம் பெருசா தெரியணும்னு பண்ணேன். அந்த நேரத்துல பேரையெல்லாம் யாருண்ணே பாப்பா? அது எங்கப்பா.”

“அப்பா உங்க அப்பாதாம்மா. படம் என்னோடது.”

அவள் சண்டை போடவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “சரி. இப்ப கேக்கறேன். போட்டுக்கட்டுமா?”

“தாராளமா போட்டுக்கங்க. கேட்டா நான் எதுக்கு வேணாங்கப் போறேன்? ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுத்துருங்க. நான் நல்ல பிரதியா ரெடி பண்ணி அனுப்பறேன்.”

மருந்துக்கடை ரசீதின் பின்பக்கத்தில், சுவரில் வைத்தே எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. தேதி போடாமல் கொடுத்தாள், திருப்பிக் கொடுத்துப் போட வைத்தேன். அந்தக் கடிதமும் என்னிடம் இருக்கிறது.

பிரதியை வியாழன் சாயங்காலம் அனுப்பினேன். தாமதம் என்று நீங்கள் சொல்லலாம். அந்தக் கன்னத்து நிறத்தைத் திரையில் சரியாகக் கொண்டுவருவது லேசான காரியமில்லை. பெயரை இந்தத் தடவை நடுவில் போட்டேன், முகத்துக்குக் குறுக்கே, மெல்லிய எழுத்தில். அவள் அன்றே போட்டாள். ஆனால் பழைய பதிவுகள் மறைந்ததைப் பார்த்தவர்கள் ஆள் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். ‘கெடச்சுட்டாரு போல, சந்தோஷம்’ என்று நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். மக்கள் இப்படி அவர்களாகவே முடிவுகட்டிக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்?

வெள்ளிக்கிழமை ரயில்வே ஊழியர் ஒருவர் அவரைப் பழைய சரக்குக் கொட்டகையில் பார்த்தார். இரண்டு நாள் விடாத மழை. அந்தக் கொட்டகைக்குக் கூரை பாதிதான். உயிர் வியாழக்கிழமை விடிகாலையில் போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். இறுதிச் சடங்குக்கு நான் போனேன். கூட்டமாக இருந்தது. கட்டடத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள்.

ஆதாரங்கள் முழுவதும் இந்தப் பென் டிரைவில் இருக்கின்றன. பார்த்து முடித்ததும் திருப்பிக் கொடுங்கள். வேறு யாருக்கும் அனுப்பிவிட வேண்டாம்.

அதில் பதினேழாம் எண் கோப்பைப் பற்றி இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். அது லட்சம் பேர் பார்க்கிற ஊர்ச் செய்திப் பக்கம். படத்துக்குக் கீழே ஒரு லாரி ஓட்டுநர் எழுதியிருந்தார்: ‘இவரு பழைய சரக்குக் கொட்டகை வாசல்ல நிக்கிறாரு. போற வர்ற ஆளுக்கெல்லாம் பேப்பரக் கிழிச்சுக் குடுக்கிறாரு. சொந்தக்காரங்க யாராவது உடனே வாங்க.’ எழுதியது புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு. நான் பிரதி எடுத்தது பதினொன்று இருபத்திரண்டுக்கு. பதிவு நீங்கியபோது அதன் கீழே எழுதியிருந்ததும் சேர்ந்து நீங்கிவிட்டது. அவள் அதைப் பார்த்திருக்க வழியில்லை.

ஆமாம், படித்தேன். முழுவதும் படித்தேன். படித்த பிறகுதான் புகாரை அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து அவள் என் வாசலில் நின்று கடிதம் எழுதியபோதும் அது எனக்குத் தெரியும். கொட்டகைக்கு இங்கிருந்து ஒரே பேருந்து, இருபத்தைந்து நிமிடம். ஆனால் அவள் வந்தது படத்தைக் கேட்க. ஒரு விஷயத்தில் இன்னொன்றைக் கலக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அப்பா எங்கே என்று அவள் என்னிடம் கேட்கவே இல்லை, ஐயா.