தங்கச்சாமி ஐயா கேட்டு வாங்கிய படம்

உச்சி வேளை... மல்லாங்கிணறு தாண்டிக் கரிசல் காட்டுக்கு நடுவே போகிற ஒற்றைச் சாலை. ஒதுங்க ஒரு வேம்பு கிடையாது. காக்கைகூடக் கத்தவில்லை. பேய்க்கு இருட்டுத்தான் வேண்டுமென்று உங்களுக்கு யார் சொன்னது, கண்ணுகளா? நெருங்கி உட்காருங்கள். சின்னவளை நடுவில் விடுங்கள். பயமாக இருந்தால் என் சேலையைப் பிடித்துக்கொள்ளலாம்.

அந்தச் சாலையில் தனியாக நடந்தவன் முஹ்சின். என் சிநேகிதி நசிமாவின் தம்பி. இரண்டாயிரத்து இரண்டோ, மூன்றோ... அப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் படங்களுக்கு டச்சப் செய்துகொண்டிருந்தான். மங்கிப்போன புருவத்தை மயிர் மயிராகத் தீட்டுவான். கண்தான் அவனுக்குச் சோறு.

அவனுக்கு ஒரு பித்து உண்டு. கீர்த்தனை கட்டியவர்களின் படத்தில் அவர்கள் கையாலேயே கையெழுத்து வாங்கிச் சேர்ப்பான். "பாடுறவுகளை ஊரே படம் பிடிக்கி. பாட்டைக் கட்டுனவுக மூஞ்சி யாருக்குத் தெரியும்?" என்பான். வீட்டில் உருவப்படம் ஆகாது என்று எல்லாவற்றையும் அச்சகத்து அலமாரியில் பூட்டி வைத்திருந்தான். இன்னொரு வழக்கமும் உண்டு. சும்மா கேட்டு வாங்க மாட்டான். தன் படத்திலும் கையெழுத்துப் போட்டுப் பதிலுக்குக் கொடுப்பான். அதுதான் மரியாதையாம்.

"ஒங்க மூஞ்சியை வச்சு அவுக என்ன செய்வாக மச்சான்? புஸ்வாணப் பெட்டியில ஒட்டுனாக்கூட ஒரு பெட்டி விக்காது" என்று அவன் மனைவி ஷரீஃபுன்னிசா சிரிப்பாள்.

சேராமல் நின்றது ஒரே ஒருவர் படம். காடுகரையோடு வாழ்ந்துகொண்டே நூறு கீர்த்தனை கட்டிய தங்கச்சாமி ஐயா. எழுதின கடிதத்துக்குப் பதிலில்லை. அதனால்தான் நேரில் புறப்பட்டான்.

ஊருக்கு வெளியே தனி வீடு. கதவு ஒருக்களித்திருந்தது. கூடத்தில் குளுகுளுவென்றிருந்தது... அந்த வெயிலிலும். பன்னீர் வாசனை. அதோடு இன்னொரு வாடை. பிரித்து உடுத்தாத புது வேட்டியின் கஞ்சி வாடை.

நாற்காலியில் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் சேர்ந்தே இருந்தன. நாடியைச் சுற்றித் தலையோடு ஒரு துணி கட்டியிருந்தார்.

"பல்வலியா ஐயா?"

"வலியெல்லாம் போயிருச்சு. வாங்க... வெயில்ல வந்திருக்கீக."

பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போலிருந்தது குரல். முஹ்சின் வந்த விஷயத்தைச் சொன்னான். மடியிலேயே படம் தயாராக இருந்தது. பேனாவை வாங்கி, விரல் மடங்காமல் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். கிரீச்... கிரீச்... அந்த வீட்டில் வேறு சத்தமே இல்லை.

"ஒங்க படம்?"

பர்ஸில் பாஸ்போர்ட் அளவில் ஒன்று இருந்தது. கையெழுத்துப் போட்டு நீட்டினான். அவர் இமைக்காமல் அதையே பார்த்தார். வெகுநேரம்...

"கண்ணு நல்லாருக்கு" என்றார்.

அவ்வளவுதான். முஹ்சின் சந்தோஷமாகச் சிவகாசி திரும்பினான். விளக்கு மேசையில் படத்தை வைத்து லென்ஸால் பார்த்தான்.

படத்தில் இருந்த கண், கண் இல்லை. மூடிய இமைமேல் தூரிகையால் வரைந்த கண். நம் பக்கத்தில் செத்தவரை உட்கார வைத்துப் படம் எடுத்து, பிறகு கண்ணைத் திறந்து வரையச் சொல்வார்கள் இல்லையா? அவனே எத்தனையோ பேருக்கு வரைந்திருக்கிறான். இது யாரோ கைபழகாதவர் வரைந்தது. ஒரு விழி மேலே, ஒரு விழி கீழே. நாடித்துணியை அழித்த தடமும் தெரிந்தது. அதன்மேல் அவனுடைய பேனாவின் நீல மை.

லென்ஸைத் துடைத்தான். மறுபடி துடைத்தான். மங்கலாகவே இருந்தது. விளக்கைப் பார்த்தான். விளக்கும் மங்கல்.

விடிந்தபோது கண்ணுக்குள் புகை மூட்டம். நடந்ததையெல்லாம் கேட்ட ஷரீஃபுன்னிசா அழவில்லை. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டாள்.

"கெளம்புங்க. அவுக குடுத்ததைத் திருப்பிக் குடுத்துட்டு, ஒங்க படத்தை வாங்கிட்டு வந்துருவோம்."

"தர மாட்டேன்னா?"

"தராம எங்கன போவாக? நான் கேக்கேன்."

அவன் கையைப் பிடித்து நடத்தித்தான் கூட்டிப்போனாள். வீட்டில் பூட்டுத் தொங்கியது. ஊருக்குள்ளிருந்து ஐயாவின் மருமகள் அழகுமீனா சாவியோடு வந்தாள்.

"மாமா தவறி வருசம் ஒண்ணாச்சே! இந்தப் பூட்டைத் தெறந்து ஆறு மாசமாச்சு. நேத்து வந்தீகளா? எப்படி வந்தீக?" திறந்துகொண்டே பேசினாள். "உசுரோட இருக்கையில ஒரு படம் எடுக்க விடலை. செத்த பிறகு ஒக்கார வச்சு எடுத்தோம். ஸ்டுடியோக்காரன் கண்ணைக் கெடுத்துப்புட்டான்..."

சுவரைப் பார்த்ததும் அவள் பேச்சு நின்றது.

மாலை போட்ட சட்டம் தொங்கியது. கண்ணாடி உடையவில்லை. பின்னால் ஒட்டிய காகிதம் கிழியவில்லை. உள்ளே ஐயா படம் இல்லை. பெரிய சட்டத்துக்கு நடுவில், சின்னதாக... முஹ்சின்.

ஷரீஃபுன்னிசா பிஸ்மி சொல்லிச் சட்டத்தை இறக்கினாள். தரையில் ஒரே போடு. கண்ணாடிச் சில்லுக்குள்ளிருந்து புருஷன் படத்தை உருவினாள். ஐயா படத்தை நாற்காலியில் வைத்தாள்.

"ஒங்களது ஒங்ககிட்ட. எங்களது எங்ககிட்ட. சரியாப் போச்சு ஐயா."

பன்னீர் வாசனை மட்டும் கதவு வரைக்கும் கூடவே வந்தது.

விருதுநகர் பஸ் ஏறியதும் முஹ்சின் துள்ளினான். "ஏ புள்ளே, தெரியுது! எல்லாம் பளிச்சுன்னு தெரியுது! அங்கன பாரு, கருவேல மரத்துல ஒரு குருவி. அதோட மூக்குக்கூடத் தெரியுது!"

அவளுக்குப் போன உயிர் வந்தது. சிரித்தாள். கைக்குள் மடங்கியிருந்த படத்தை அப்போதுதான் விரித்துப் பார்த்தாள்.

படத்தில் முஹ்சின் கண் மூடியிருந்தது.

நிமிர்ந்தாள். அவன் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கரிசல் புழுதியோடு காற்று முகத்தில் அடித்தது. பஸ்ஸே கண்ணை இடுக்கிக்கொண்டு கிடந்தது. அவன் மட்டும் இமைக்கவில்லை. நெற்றி வியர்வை வழிந்து, புருவத்தைத் தாண்டி, நேராகக் கண்ணுக்குள் இறங்கியது. அப்போதும் இமைக்கவில்லை.

"வேர்க்குதே மச்சான்..." துப்பட்டி நுனியை எடுத்து மெதுவாக ஒற்றினாள்.

வெள்ளைத் துணியில் வட்டமாக, ஈரமாக, ஒரு கருவிழி ஒட்டிக்கொண்டு வந்தது.

துடைத்த இடத்தில் இமை மூடியிருந்தது.

முஹ்சின் முகத்தைத் திருப்பி மறுபக்கத்தைக் காட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போலிருந்தது குரல்.

"இந்தக் கண்ணையும் தொடச்சு விடு புள்ளே... தூசி உறுத்துது."