முகக்கட்டுக்குப் பின்னால் இருந்த சரக்கு

துறைமுகக் காவல் நிலையம். புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி. குற்றம் சாட்டப்பட்ட பெண் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது.

என் பெயரும் தகப்பனார் பெயரும் தனித்தாளில் எழுதிக்கொள்ளப்பட்டன. யார்டில் எல்லோரும் என்னை ரேடியோ என்று கூப்பிடுவார்கள், காரணத்தை எழுத்தர் ஐயா இதற்குள் கண்டுகொண்டிருப்பார். வயது நாற்பத்து நான்கு என்று முதலில் சொன்னேன். அது பொய், ஐம்பது நடக்கிறது. வேலைக்குச் சேர்ந்தபோது முப்பத்தைந்துக்குள் இருக்கிறவர்கள்தான் வேண்டும் என்றார்கள், ஆள் எடுத்தவர் அட்டையைப் பார்க்காமல் என் பல்லைப் பார்த்து நம்பினார், அன்றிலிருந்து ஆறு வயதைக் குறைத்தே சொல்லி வருகிறேன், இப்போது எனக்கு அடுத்துப் பிறந்த தங்கையைவிட நான் இளையவள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ரயில் பாதையை ஒட்டிய வரிசை வீட்டில் என் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஏழு மாதப் பெண் குழந்தை ஆகியோருடன் குடியிருக்கிறேன்.

பதினோரு வருடமாகத் துறைமுகத்தை அடுத்த காகிதக் கழிவு யார்டில் பிரிக்கிற வேலை செய்கிறேன். தம்பி மனைவியும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டிலிருந்து கண்டெய்னரில் பழைய அட்டையும் காகிதமும் கட்டுக் கட்டாக வரும். நம் நாடும் அனுப்புகிற நாடும் சுற்றுச்சூழலைக் காப்பதற்காகச் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன, அதன் நகல் யார்டு கேட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. நான் எழுத்துக்கூட்டிப் படித்ததில் விளங்கியது இவ்வளவுதான்: காகிதம் என்று எழுதி அனுப்பினால் உள்ளே காகிதம்தான் இருக்க வேண்டும், வேறு குப்பை இருந்தால் கண்டெய்னர் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும், அதைத் தெரிந்துகொள்ளக் கண்டெய்னருக்கு மூன்று கட்டு பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த மூன்று என்று அதில் எழுதவில்லை.

கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற முதல் வரிசையை நாங்கள் முகக்கட்டு என்போம். ஆய்வுக்கு வருகிறவர்கள் ஏறாமல், குனியாமல், சட்டையில் அழுக்குப் படாமல் பார்க்கக்கூடியது அந்த வரிசை மட்டும்தான், ஆகவே அவர்கள் பிரிக்கிற மூன்றும் அதிலிருந்தே வரும். வழியில் நனைந்தோ சிதைந்தோ வந்த முகக்கட்டை எடுத்துவிட்டுப் புதியது கட்டி வைப்பது என் வேலை. நல்ல பழுப்பு அட்டையாகப் பொறுக்கி, ஓரம் சேர்த்து, அழுத்தும் இயந்திரத்தில் வைத்துக் கம்பி இழுத்தால், பள்ளிக்கூடம் திறந்த அன்று முதல் பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி வரிசையாக இருக்கும். இதை நான் பெருமையாகவே செய்து வந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் பெரிய மனிதர்களாக இருக்கலாம், சோறு அள்ளிப் போட்டவள் நான்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடல் தாண்டி வருகிற கண்டெய்னர்களில் அங்கேயே கட்டிய முகக்கட்டு இருக்கும். அந்தக் கம்பியை யாரோ இடது பக்கமாக இரண்டு முறுக்கு முறுக்கி உள்ளே மடித்துவிடுவார்கள், பார்க்கிறவர் கை கிழியாமல் இருக்க. பதினோரு வருடமாக அந்தக் கையை எனக்குத் தெரியும், ஆளைத் தெரியாது. அங்கேயும் ஒரு ரேடியோ இருக்கிறாள். இரண்டு நாட்டுக்கும் ஒத்துழைப்பு என்று மேசை போட்டுப் பேசுகிறார்கள், எனக்குத் தெரிந்து உண்மையில் ஒத்துழைத்தது அவளும் நானும்தான்.

கடந்த வெள்ளிக்கிழமை பதினான்காம் கதவுக்கு ஒரு கண்டெய்னர் வந்தது. அதன் முகக்கட்டு தண்ணீர் இறங்கிப் பூசணம் பிடித்திருந்தது. திங்கட்கிழமை காலை எங்கள் சூப்பர்வைசர் வந்தார். அவர் போனில் பேசுவதெல்லாம் "சரிங்க சார்" என்ற இரண்டு வார்த்தை என்பதால் யார்டில் அவருக்கு அதுவே பெயர்.

"ரேடியோ, புதன்கிழமை ரெண்டு நாட்டு ஆளுங்களும் சேந்து வர்றாங்க. இந்தக் கண்டெய்னரத்தான் பாக்கப் போறாங்க. முகம் பளிச்சுனு இருக்கணும்" என்றார்.

"யாரு முகங்க? உங்க முகம்னா நம்மகிட்ட இருக்கற கம்பி பத்தாது" என்றேன்.

அதன் பிறகு கட்டிக்கொண்டே வந்ததில் கடைசிக் கட்டுக்கு யார்டில் நல்ல அட்டை போதவில்லை. அதனால் அதே கண்டெய்னரின் பின் வரிசைக் கட்டுகளைப் பிரித்து நல்ல அட்டை இருந்தால் உருவி வரும்படி தம்பி மனைவியை நான்தான் அனுப்பினேன். சூப்பர்வைசர் அனுப்பவில்லை, நான் அனுப்பினேன். அப்போது மணி பதினொன்று பத்து. உள்ளேயிருந்து அவள், "அண்ணி, ஏதோ கடிச்சிடுச்சு" என்றாள். "எலி உன்னைக் கடிச்சிருந்தா எலிக்குத்தான் வைத்தியம் பாக்கணும்" என்று சொல்லி நான் சிரித்தேன். அதன் பிறகு அவள் வெளியே வந்து கையைக் காட்டினாள். கையுறையைத் துளைத்து உள்ளங்கையில் ஊசி நின்றது, குழாயோடு. குழாய்க்குள் வேறு யாருடைய ரத்தமோ காய்ந்திருந்தது. நான் சிரித்த வாயை மூடச் சற்று நேரம் ஆயிற்று.

அதன் பிறகு ஊசியைப் பிடுங்கி ஒரு தண்ணீர் பாட்டிலில் போட்டு மூடிக்கொண்டு இருவரும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அவசரப் பிரிவு மருத்துவர் சின்னப் பெண். அவர் கையைக் கழுவிவிட்டு, "ரத்தத்துல நோய் தொத்தாம இருக்க எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிக்கணும்மா, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதுவரைக்கும் பாப்பாவுக்குப் பால் குடுக்காதீங்க" என்று சொல்லி, தாளில் எழுபத்திரண்டு என்று எழுதி இரண்டு கோடு போட்டார். மாத்திரை இருப்பது வேலையிட விபத்துப் பிரிவில். அங்கே இருந்த குமாஸ்தா, எந்தக் குப்பை குத்தியது என்று யார்டு எழுதி முத்திரை வைத்த சீட்டு வேண்டும் என்றார்.

"காகித யார்டுன்னு போட்டிருக்கு. காகிதத்துல ஊசி எப்படிம்மா வரும்?" என்று கேட்டார்.

"அதைத்தாங்க நானும் கேக்கறேன். பாட்டில்ல இருக்கு பாருங்க" என்றேன். பாட்டில் சீட்டு ஆகாது என்றார்.

அதன் பிறகு யார்டுக்குத் திரும்பி வந்து சூப்பர்வைசரிடம் சீட்டு கேட்டேன். "ஊசின்னு எழுதினா கண்டெய்னர் திரும்பிப் போகணும். ஒப்பந்தமே கெட்டுடும். இது ரெண்டு நாட்டு உறவும்மா, உனக்குப் புரியாது" என்றார். "உறவு ரெண்டு நாட்டுக்கு, குத்து எங்க வீட்டுக்கா?" என்று கேட்டேன். அவர் உள்ளே போய் போனில் நான்கு முறை சரிங்க சார் சொல்லிவிட்டு ஒரு சீட்டு கொண்டுவந்தார். அதில் காகிதத்தின் ஓரம் பட்டுச் சிறு கீறல் என்று எழுதியிருந்தது. முத்திரையும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி மருத்துவமனைக்குப் போனோம். அந்தச் சீட்டுக்கு அங்கே ஒரு பிளாஸ்திரி கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை துறைமுகத்திலுள்ள சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே மூன்றாம் மேசையில் இருந்தவர் கண்டெய்னரின் காகிதங்களைப் பார்த்து, இதில் காகிதம் என்றுதான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல வேண்டியது அனுப்பிய நாடு, நாங்கள் சொன்னால் அவர்களை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்றார். அவருக்குப் பின்னால் சுவரில் இரண்டு நாட்டுக் கைகள் சேர்ந்து ஒரு பச்சை உருண்டையைப் பிடித்திருக்கிற படம் மாட்டியிருந்தது. எந்தக் கையிலும் கையுறை இல்லை. அதன் பிறகு வீட்டுக்கு வந்தேன். குழந்தை புட்டிப் பால் குடிக்கப் பழகாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. தம்பி மனைவி குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு மார்பில் கட்டிய பாலைப் பீய்ச்சிவிட்டாள், தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்திருந்தாள், சத்தம் கேட்கக்கூடாது என்று. தம்பி என் பக்கம் பார்க்கவில்லை.

இன்று புதன்கிழமை காலை பத்தரை மணிக்குக் கூட்டுக் குழு வந்தது. அவர்கள் நாட்டிலிருந்து மூன்று பேர், நம் நாட்டு அதிகாரிகள் இரண்டு பேர், மொழிபெயர்க்க ஒரு பெண், எல்லோருக்கும் புது வெள்ளைத் தலைக்கவசம். முதலில் மரக்கன்று நட்டார்கள். யார்டு முழுக்க சிமெண்டுத் தரை, ஒரே ஒரு குழிதான் உண்டு, எந்தக் குழு வந்தாலும் அதில்தான் நடுவார்கள், கழிவுத் தண்ணீர் இறங்கி ஒரு மாதத்தில் பட்டுப்போகும், பிடுங்கிக் குழியைச் சுத்தம் செய்து வைப்பதும் என் வேலை. இன்று நட்டது ஆறாவது கன்று.

அதன் பிறகு பதினான்காம் கதவைத் திறந்தார்கள். முகக்கட்டு மூன்றைப் பிரித்தார்கள். மூன்றும் பழுப்பு அட்டை. குழுத் தலைவர் அதைத் தட்டிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"ரொம்ப சுத்தமா இருக்குன்னு சொல்றாரு" என்றது மொழிபெயர்க்கிற பெண்.

அப்போது நான் முன்னால் போய், "நன்றிங்க. இது நான் கட்டினது. இதுக்குப் பின்னால இருக்கறது உங்க ஊர்ல கட்டினது. அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, சொந்த ஊர்ச் சரக்கையும் பாத்துட்டுப் போங்க" என்று சொன்னேன். "ரேடியோ, வாய மூடு" என்று சூப்பர்வைசர் சொன்னது உண்மை. நான் மூடவில்லை என்பதும் உண்மை. தூக்குவண்டி ஓட்டுகிறவரை நாங்கள் ஊமை என்போம், பேசத் தெரியும், விரும்பமாட்டார். நான் கண்ணைக் காட்டியதும் அவர் வண்டியை முன்னால் விட்டு மீதி முகக்கட்டை இழுத்துத் தள்ளினார். அவர் நான் சொல்லித்தான் செய்தார், அவரை விட்டுவிட வேண்டுகிறேன்.

அதன் பிறகு பின் வரிசை சரிந்து விழுந்தது. உபயோகித்த டயபர்கள், குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய்கள், மருத்துவமனைக் கழிவு போடுகிற மஞ்சள் பைகள், பைகள் கிழிந்து ஊசிகள். நாற்றத்துக்கு எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள், யார் எந்த நாடு என்ற வித்தியாசமே தெரியவில்லை. எழுபத்திரண்டு என்று மருத்துவர் எழுதிய தாளை நான் நீட்டி, "எனக்கு ஒப்பந்தம் வேணாம், உங்க குப்பைல ஊசி இருந்துதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, இன்னும் ஒரு நாள்தான் இருக்கு" என்று கேட்டேன். குழுத் தலைவர், இது உள்நாட்டு விஷயம், தலையிட முடியாது என்றாராம். நம் அதிகாரி, இது வெளிநாட்டுச் சரக்கு, அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். அதன் பிறகு இருவரும் இதை அடுத்த கூட்டத்தில் பேசுவதாக ஒத்துக்கொண்டார்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "பதினோரு மாசம் ஆகும்மா" என்று சொல்லி அது கீழே பார்த்துக்கொண்டது. அதன் பிறகு யார்டு நிர்வாகி, சரக்கில் ஊசிகளைப் போட்டது நான்தான் என்று புகார் கொடுத்ததால் இங்கே அழைத்து வரப்பட்டேன்.

ஊசிகளை வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தாயா என்று ஆய்வாளர் ஐயா கேட்டதற்கு என் பதில். கிழிந்த பைகளில் இருக்கிற எழுத்தை என்னால் படிக்க முடியாது. நம் எழுத்தையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஒரு கண்டெய்னர் ஊசியும் டயபரும் நான் சேர்த்து, அவர்கள் மொழியில் பெயர் அச்சடித்து, அழுத்திக் கட்டி, உள்ளே தள்ளினேன் என்றால் அந்தத் திறமைக்கு என்னை அதிகாரியாக அல்லவா வைத்திருக்க வேண்டும்? காகிதத்தில் காகிதம் என்று எழுதிவிட்டால் குத்துகிற ஊசியும் காகிதம் ஆகிவிடுமா? குற்றம் என்றால் என் குற்றம் இது: பதினோரு வருடம் முகம் கட்டிக் கொடுத்தேன், அந்த வேலைக்கு அட்டை போதாமல் அவளை உள்ளே அனுப்பினேன். அதற்கு என்ன தண்டனையோ எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பி மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நாளைக் காலை பதினொன்று பத்துக்கு நேரம் முடிகிறது. எனக்கு ஜாமீன் இப்போது வேண்டாம், சீட்டுதான் வேண்டும் என்று கேட்டேன். சீட்டு எழுதுவது காவல் நிலையத்தின் வேலை இல்லை என்று சொல்லப்பட்டது.

இதுவரை எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, விட்டதும் இல்லை. யாரும் மிரட்டிப் பேச வைக்கவில்லை, என்னைப் பேச வைக்க யாரும் மெனக்கெடத் தேவை இருக்கவில்லை. உண்மை என்று கையெழுத்துப் போடுகிறேன்.

(கையெழுத்து)

கையெழுத்துக்குப் பின் சேர்த்தது: மணி மூன்று ஐம்பதுக்குச் சான்றுப் பொருளான ஊசியை நான் கொண்டுவந்த பாட்டிலிலிருந்து உறைக்கு மாற்றும்போது அது எழுத்தர் ஐயாவின் இடது கைக் கட்டைவிரலில் குத்தியது. திறக்க வேண்டாம் என்று நான் இரண்டு முறை சொல்லியிருந்தேன். வெளிநாட்டுக் கண்டெய்னரில் வந்த மருத்துவமனை ஊசி என்று ஆய்வாளர் ஐயா தம் கைப்படச் சீட்டு எழுதி முத்திரை வைத்தார், அதற்கு நான்கு நிமிடம் ஆயிற்று. அதே சீட்டில் எழுத்தர் ஐயாவின் பெயருக்குக் கீழே இடம் இருந்ததால் தம்பி மனைவியின் பெயரும் எழுதப்பட்டது. இருவரும் நிலைய ஜீப்பில் மருத்துவமனைக்குப் புறப்பட்டுப் போனார்கள். இந்தப் பத்தி வேறு கையெழுத்தில் இருப்பதற்குக் காரணம் அதுவே.